பொறியியல் மாணவர்களின் தகவல் தேடல் திறனும் கல்லூரி நூலகங்களின் பங்கும்: செஞ்சி வட்டாரச் சான்றுகளின் வழி

ஆய்வுச் சுருக்கம்

பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தேவையான தகவல்கள் பாடநூல்களில் மட்டும் கிடைப்பதில்லை. தரக்குறியீடுகள், ஆய்விதழ்கள், ஆய்வேடுகள், காப்புரிமை ஆவணங்கள், அரசுத் துறைத் தரவுகள் எனப் பல இடங்களில் அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடவும் மதிப்பிடவும் நெறியோடு பயன்படுத்தவும் கல்லூரி நூலகங்கள் துணைநிற்கும் முறையைச் செஞ்சி வட்டாரச் சூழலை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தகவல் அறிதிறன், பொறியியல் கல்வி, கல்லூரி நூலகம், தரக்குறியீடு, மின்னிதழ்.

முன்னுரை

தகவல் அறிதிறன் என்னும் கருத்தாக்கத்தை 1974ஆம் ஆண்டு பால் சுர்கோவ்ஸ்கி அமெரிக்காவில் முன்வைத்தார். அதற்கு முன்பே, 1931இல் சென்னையில் வெளிவந்த சீ.இரா. அரங்கநாதனின் நூலக அறிவியல் ஐந்து விதிகள், வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என வகுத்தன. கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், நூலை அடுக்கி வைப்பதோடு நூலகரின் பணி முடிவதில்லை என்பதை வலியுறுத்தினார். உரிய வாசகரை உரிய நூலோடு சேர்ப்பதே அப்பணி என்பது அவர் கொள்கை. இன்றைய பொறியியல் கல்விக்கும் இக்கொள்கை பொருந்துவதாகும்.

வட்டாரச் சூழல்

தொண்டூர், செஞ்சியை அடுத்த தொன்மையான சிற்றூர். தமிழி எழுத்துக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் உள்ள ஊராக வரலாற்று ஆய்வாளர்கள் அதனை அறிவர். இவ்வட்டாரத்திற்கு அண்மையில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2021இல் நடைமுறைக்கு வந்தது. இதன்வழித் தமிழ்வழியில் பயின்ற, குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக அமையவிருக்கும் மாணவர்கள் பொறியியல் கல்விக்குள் நுழைகின்றனர். வீட்டில் வழிகாட்டுவோர் இல்லாத இம்மாணவர்க்கு நூலகம் தரும் பயிற்சியே முதன்மையான துணையாகிறது.

தேடுசொல்லும் தேடல் முறையும்

செஞ்சி வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் ஏரியில் வண்டல் படிவதால் கொள்ளளவு எவ்வளவு குறைந்துள்ளது என்பதைக் கட்டடப் பொறியியல் மாணவர் ஒருவர் ஆராய முற்படுவதாகக் கொள்வோம். ஏரி என்பதற்கு இணையாக வழங்கும் 'டேங்க்' என்னும் சொல்லை மட்டும் பன்னாட்டுத் தரவுத்தளத்தில் இட்டால், உலோகக் கொள்கலன்களையும் மேல்நிலைத் தொட்டிகளையும் பற்றிய கட்டுரைகளே மிகுதியாக வரும். 'இரிகேஷன் டேங்க்', 'ஸ்மால் ரிசர்வாயர்', 'செடிமென்டேஷன்' ஆகிய சொற்களை இணைத்துத் தேடும்போதே பொருத்தமான ஆய்வுகள் கிட்டும். மாணவர்க்குத் தம் ஊர் ஏரியைப் பற்றிய அறிவு உண்டு. அவ்வறிவைத் தரவுத்தளத்தின் கலைச்சொல்லாக மாற்றும் பயிற்சியே தேவைப்படுகிறது. அதனைக் கற்பிக்கத் தக்கவர் நூலகர்.

அடுத்து, எத்தகவல் எங்குக் கிடைக்கும் என்னும் தெளிவு வேண்டும். மழையளவை இந்திய வானிலை ஆய்வுத் துறையிடமிருந்தும், நில அமைப்பை இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களிலிருந்தும், செயற்கைக்கோள் படங்களை இஸ்ரோவின் புவன் தளத்திலிருந்தும், முந்தைய முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா தளத்திலிருந்தும் பெறலாம். இவ்வழிகளைப் பாடத்துறைவாரியாகத் தொகுத்து நூலகம் ஒரு பக்க வழிகாட்டியாக வழங்கினால், பல நாள் தேடல் சில மணி நேரத்தில் முடியும்.

தகவலை மதிப்பிடுதல்

பொறியியலில் பழைய தகவல், தவறான தகவலாக மாறக்கூடும். கான்கிரீட் கலவை வடிவமைப்புக்கான ஐ.எஸ். 10262 தரக்குறியீடு 1982இல் வெளியாகி, 2009இலும் 2019இலும் திருத்தப்பட்டது. முந்தைய ஆண்டு மாணவரின் திட்ட அறிக்கையைப் பார்த்து எழுதுபவர், காலாவதியான பதிப்பைப் பின்பற்றிக் கலவை விகிதத்தைக் கணக்கிட நேரும். கணக்கில் பிழை இல்லாதபோதும் அடிப்படை பிழையாகிவிடுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் நடைமுறையிலுள்ள பதிப்பைச் சரிபார்க்கும் பழக்கத்தை முதலாண்டிலேயே ஏற்படுத்துவது நூலகப் பயிற்சியின் இன்றியமையாக் கூறாகும்.

பிறர் கருத்தை உரிய மேற்கோளோடு எடுத்தாளுவதும் இதனோடு இணைந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள், 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஒப்புமைக்குப் படிநிலையான நடவடிக்கைகளை வகுத்துள்ளன. எனினும் ஒப்புமை காட்டும் மென்பொருள் எண்ணிக்கையை மட்டுமே தரும். பொழிப்பாக எழுதும் முறையையும் மேற்கோள் இடும் நெறியையும் மனிதரே கற்பிக்க வேண்டும்.

அணுகல் வாய்ப்பும் சமனின்மையும்

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு வழங்குவது இதன் நோக்கம். தொடக்கக் கட்டத்தில் அரசு நிறுவனங்களே இதன் வரம்பில் அமைந்தன. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோர் பயில்வதோ சுயநிதிக் கல்லூரிகளில். ஆகவே ஒரே ஊரிலிருந்து ஒரே பாடத்தைப் பயிலச் செல்லும் இருவருள், சேர்ந்த கல்லூரியின் வகையைப் பொறுத்து ஒருவர்க்கு ஆய்விதழின் முழுக்கட்டுரையும் மற்றவர்க்குச் சுருக்கமும் மட்டுமே கிடைக்கும் நிலை தோன்றுகிறது.

இவ்விடைவெளியைக் குறைக்கச் சுயநிதிக் கல்லூரி நூலகங்களுக்கு வழிகள் இல்லாமல் இல்லை. காரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய இந்தியத் தேசிய மின்னூலகம், திறந்தநிலை அணுகல் இதழ்களின் பட்டியல், டெல்நெட் வழியான நூலகங்களுக்கிடையிலான பகிர்வு ஆகியவை குறிப்பிடத்தக்கன. மறுபுறம், சந்தா கிடைத்த கல்லூரியிலும் தேடும் பயிற்சி இல்லையெனில் இதழ்கள் திறக்கப்படாமலேயே இருக்கும். அணுகலும் பயிற்சியும் ஒன்றையொன்று சார்ந்தவை.

முடிவுரை

பல கல்லூரிகளில் நூலகப் பயிற்சி, முதலாண்டுத் தொடக்கத்தில் நடைபெறும் ஒருநாள் அறிமுகத்தோடு நின்றுவிடுகிறது. அப்போது மாணவரிடம் தேடுவதற்குரிய வினா எதுவும் இல்லாமையால் கற்றது மனத்தில் தங்குவதில்லை. எனவே பின்வருவன கருதத்தக்கன:

1. திட்டப்பணித் தலைப்பு முடிவாகும் பருவத்தில், துறைப் பேராசிரியரும் நூலகரும் இணைந்து பயிற்சி நடத்துதல்.

2. தமிழ்வழி மாணவர்க்கெனத் துறைவாரியான இருமொழித் தேடுசொல் பட்டியலை உருவாக்குதல்.

3. திட்ட அறிக்கையில், பயன்படுத்திய தரவுத்தளம், தேடுசொல், தரக்குறியீட்டின் பதிப்பாண்டு ஆகியவற்றைப் பதிவுசெய்யும் ஒரு பக்கத்தைச் சேர்த்தல்.

இவற்றுள் மூன்றாவதற்குக் கூடுதல் நிதி வேண்டியதில்லை. மாணவர் எவ்வாறு தேடினார் என்பதை மதிப்பீட்டாளர் காணவும், எங்குத் தடுமாறினார் என்பதை நூலகர் அறிந்து அடுத்த ஆண்டுப் பயிற்சியைத் திருத்தவும் அது உதவும்.