மனசும் வயசும்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் மக்கள் அதிகம். பாட்டன், பூட்டன் காலத்தில் தங்கச் சுரங்க வேலைக்கு வந்தவர்கள். அந்தச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதன் பிறகு ஊரில் போதிய வேலை இல்லை. பலர் விடியற்காலையில் ரயில் ஏறுகிறார்கள். பெங்களூருக்குப் போய் வேலை செய்கிறார்கள். இரவில் வீடு திரும்புகிறார்கள்.

நான் அந்த ஊரில் எழுத்தறிவு வகுப்பு நடத்துகிறேன். என் வகுப்பில் ஓர் அக்கா படித்தார். பெங்களூரில் துப்புரவு வேலை செய்பவர். களைத்துப் போய் வருவார். ஆனாலும் வகுப்பைத் தவற விடமாட்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஒரு நாள் இரவு அக்கா வந்தார். நோட்டைத் திறக்கவே இல்லை. எல்லோரும் போகும் வரை காத்திருந்தார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"டீச்சர், இது என் மக புத்தகத்துல இருந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். அரை மணி நேரம் ஆச்சு. என் வாழ்க்கையில நான் முழுசாப் படிச்ச முதல் கடிதம் இதுதான். படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றார்.

அது காதல் கடிதம். எழுதியவன் அடுத்த தெருப் பையன். அவனுக்கு 18 வயது. மகளுக்கு 16 வயது. பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். 'பரீட்சை முடிந்ததும் எங்காவது போய்விடலாம்' என்று அதில் எழுதியிருந்தது.

அக்கா அழுதார். "வீட்டுல தெரிஞ்சா என் தம்பிக்கே கட்டி வைக்கச் சொல்லுவாங்க. எனக்கும் 15 வயசுல அப்படித்தான் கட்டி வெச்சாங்க. நான் யாரையும் காதலிக்கலை. காதலிச்சிடுவேனோன்னு பயந்தே கட்டி வெச்சாங்க" என்றார்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் பி.யு.சி. வரை படித்தவள். எனக்கும் 17 வயதில் ஒருவர் மேல் ஆசை வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடி விழும் என்று பயம். அந்தப் பயம்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதி ஆஷா பணியாளரை வகுப்புக்கு அழைத்தேன். அக்காவின் பெயரைச் சொல்லாமல் பொதுவாகப் பேசினோம். அன்று பேசியதையும், பிறகு நான் கேட்டும் படித்தும் அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். அக்காவின் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதீங்க" என்றார்.

உடம்பு முந்தும், நிதானம் பிந்தும்

பெண் பிள்ளைகளுக்கு 8 வயது முதல் 13 வயதுக்குள் உடம்பு மாறத் தொடங்கும். ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கும். உடம்புக்குள் ஹார்மோன் என்னும் சுரப்பு நீர் ஊறுகிறது. அதனால் உயரம் கூடுகிறது. குரல் மாறுகிறது. மாதவிடாய் வருகிறது. மனசும் மாறுகிறது. கண்ணாடி முன் நிற்கத் தோன்றும். ஒருவர் நம்மைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும். காரணம் இல்லாமல் கோபம் வரும். அழுகையும் வரும்.

இது கெட்ட வளர்ப்பால் வருவது அல்ல. சினிமாவால் மட்டும் வருவதும் அல்ல. உடம்பு வளர்வதால் வருவது. நமக்கும் வந்ததுதான். நாம் மறந்துவிட்டோம்.

மூளையும் இந்த வயதில் வளர்கிறது. ஆசை, கோபம், துணிச்சல் இவை சீக்கிரம் வேகம் பிடிக்கின்றன. 'இதைச் செய்தால் நாளை என்ன ஆகும்?' என்று யோசிப்பது மூளையின் முன்பகுதி. அது மெதுவாக வளர்கிறது. முழுதாக வளர 25 வயது போல ஆகிவிடும். சைக்கிளில் வேகம் வந்துவிட்டது, பிரேக் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. 16 வயது அப்படிப்பட்டது. சைக்கிள் ஓட்டுவது குற்றமா? இல்லை. ஆனால் அந்த நேரத்தில் மலைச் சரிவில் இறங்கக் கூடாது.

காதல் தப்பா?

தப்பு இல்லை. ஒருவர் மேல் ஆசை வருவது இயற்கை. ஆனால் ஆசை வேறு. சேர்ந்து வாழ்வது வேறு. வாழ்வதற்கு வாடகை வேண்டும். வேலை வேண்டும். காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளும் பொறுமை வேண்டும். சண்டை வந்தால் அடிக்காமல் பேசத் தெரிய வேண்டும். இதற்கெல்லாம் காலம் ஆகும்.

அது நல்ல அன்பா என்று பார்க்கச் சில கேள்விகள் கேட்கலாம்.

அவர் நம்மைப் படிக்கச் சொல்கிறாரா, நிறுத்தச் சொல்கிறாரா?
நாம் 'வேண்டாம்' என்றால் கேட்கிறாரா, மிரட்டுகிறாரா?
நம் படத்தை அனுப்பச் சொல்லி வற்புறுத்துகிறாரா?
தோழிகளோடு பேசக் கூடாது என்கிறாரா?

மிரட்டுவது அன்பு அல்ல. 'நீ வராவிட்டால் செத்துப் போவேன்' என்பதும் மிரட்டல்தான். ஆண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டும். பெண் 'இல்லை' என்றால் இல்லைதான். அதன் பிறகும் பின்னாலேயே சுற்றுவது சட்டப்படி குற்றம்.

இரண்டு அவசரங்கள்

காதல் வந்த வீட்டில் இரண்டு அவசரங்கள் வருகின்றன. பிள்ளைகளின் அவசரம் ஓடிப் போவது. பெற்றோரின் அவசரம் உடனே கல்யாணம் செய்து வைப்பது. இரண்டுக்கும் காரணம் பயம். பிரித்துவிடுவார்கள் என்று பிள்ளைக்குப் பயம். ஊர் பேசும் என்று பெற்றோருக்குப் பயம். இரண்டிலும் படிப்பு நிற்கிறது. உடம்பு முதிரும் முன் குழந்தை வருகிறது. தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து.

இந்தியா முழுதும் அரசு ஒரு குடும்பநலக் கணக்கெடுப்பு நடத்தியது. 2019 முதல் 2021 வரை நடந்தது. 20 முதல் 24 வயது வரை உள்ள பெண்களைக் கேட்டார்கள். 100 பேரில் 23 பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. சட்டம் இருந்தும் இந்த நிலைமை.

சட்டம் என்ன சொல்கிறது?

பெண்ணுக்கு 18 வயது முடிய வேண்டும். ஆணுக்கு 21 வயது முடிய வேண்டும். அதற்கு முன் கல்யாணம் கூடாது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இல் வந்தது. குழந்தைத் திருமணம் நடத்தி வைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இன்னொரு சட்டம் போக்சோ. இது 2012இல் வந்தது. 18 வயது நிரம்பாதவருடன் உடலுறவு கொள்வது குற்றம். அவரே சம்மதித்திருந்தாலும் குற்றம்தான். 'ரெண்டு பேருக்கும் விருப்பம்' என்று சொன்னால் சட்டம் ஏற்காது. ஓடிப் போகும் பையன் பலமுறை சிறையில்தான் போய் நிற்கிறான். இது பையன்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் தெரிய வேண்டும்.

இந்தச் சட்டங்கள் சும்மா வரவில்லை. பலர் கஷ்டப்பட்டார்கள். மும்பையில் ருக்மாபாய் என்று ஒரு பெண் இருந்தார். அவருக்கு 11 வயதில் கல்யாணம் செய்தார்கள். அவர் தாய் வீட்டிலேயே இருந்து படித்தார். கணவன் வீட்டுக்குப் போக மறுத்தார். கணவர் 1884இல் வழக்குப் போட்டார். 'கணவனோடு போ, இல்லாவிட்டால் 6 மாதம் சிறை' என்று 1887இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. ருக்மாபாய் சிறைக்குப் போகவும் தயார் என்றார். நாடு முழுதும் இது பற்றியே பேச்சு. கடைசியில் 1888இல் வழக்கு சமாதானமாக முடிந்தது. அவர் சிறைக்குப் போகவில்லை. லண்டனுக்குப் போனார். டாக்டருக்குப் படித்துத் திரும்பினார். சூரத்தில் பல வருடம் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். மனசு இல்லாமல் கட்டிய வாழ்க்கையை ஏற்க மாட்டேன் என்று அன்றே சொன்ன பெண் அவர்.

வயது வந்த பிறகு?

உரிய வயது முடிந்துவிட்டால் நிலைமை வேறு. யாரைக் கட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. சாதி வேறாக இருக்கலாம். மதம் வேறாக இருக்கலாம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யலாம். முதலில் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு 3 சாட்சிகளோடு போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம்.

'வயது வந்த இருவர் விரும்பி மணந்தால் யாரும் தடுக்கக் கூடாது' என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2006இல் சொன்னது. 2018இல் மறுபடியும் சொன்னது. ஊர்ப் பஞ்சாயத்துக்கும் அதைத் தடுக்க அதிகாரம் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஆபத்து என்றால் போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டும். சாதிக்காகப் பெற்ற பிள்ளையைக் கொல்வது கௌரவம் அல்ல. அது கொலை.

அக்கா என்ன செய்தார்?

வகுப்பு முடிந்து அக்கா வீட்டுக்குப் போனார். மகளை அடிக்கவில்லை. கூச்சல் போடவில்லை. மாமியார் வெளியே போகும் வரை காத்திருந்தார். பிறகு கடிதத்தை மகள் முன் வைத்தார்.

மகள் முகம் வெளுத்துவிட்டது. "யார் உனக்குப் படிச்சுக் காட்டினது?" என்று கேட்டாள்.

"யாரும் காட்டலை. நானேதான் படிச்சேன்" என்றார் அக்கா.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மாவுக்கு இவ்வளவு படிக்கத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு அழுதாள். அன்று இரவு இருவரும் வெகு நேரம் பேசினார்கள்.

அக்கா மகளிடம் மூன்று கேட்டார். "ஓடிப் போகாதே. பி.யு.சி. முடி. என்கிட்ட மறைக்காதே."

மகளுக்கு மூன்று வாக்கும் கொடுத்தார். "உன்னை யாருக்கும் அவசரமாக் கட்டிக் கொடுக்க மாட்டேன். படிப்பை நிறுத்த மாட்டேன். 18 வயசுக்கு அப்புறம் நீ சொல்றதைக் கேட்பேன்."

அந்தப் பையனின் அம்மாவையும் போய்ப் பார்த்தார். சண்டை போடவில்லை. "உன் பையனும் என் பொண்ணும் சின்னப் பிள்ளைங்க. உன் பையன் ஜெயிலுக்குப் போகக் கூடாது. என் பொண்ணு படிப்பும் நிற்கக் கூடாது" என்றார். அந்த அம்மாவும் புரிந்துகொண்டார்.

எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. அக்காவின் தம்பி ஆறு மாதம் பேசவில்லை. மகள் சில நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அக்கா பொறுத்துக்கொண்டார்.

இப்போது மகளுக்கு 18 வயது. பி.யு.சி. முடித்துவிட்டாள். அந்தப் பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன மாதம் அக்காவிடம் கேட்டேன். "இன்னும் ரெண்டு பேருக்கும் அந்த எண்ணம் இருக்கா அக்கா?"

அக்கா சிரித்தார். "நானும் கேட்டேன் டீச்சர். 'இன்னும் தெரியலை அம்மா, யோசிக்கணும்'னு சொன்னா. அன்னிக்கு இதே பொண்ணு எல்லாம் தெரியும்னு சொன்னா. இன்னிக்குத் தெரியலைன்னு சொல்றா. வளர்ந்துட்டா டீச்சர்" என்றார்.

உதவிக்கு யாரைக் கேட்பது?

குழந்தைத் திருமணத்தைத் தடுக்க: 1098
பெண்கள் உதவிக்கு: 181
ஆபத்து நேரத்தில் போலீசுக்கு: 112
இலவசச் சட்ட உதவிக்கு: 15100
மனசு உடைந்து போனால், சாகலாம் என்று தோன்றினால்: 14416. பல மொழிகளில் பேசுகிறார்கள். காசு இல்லை.

காதல் முறிந்தால் வாழ்க்கை முறிவதில்லை. அதை ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நாமாக இருப்போம்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் 16 வயதில் மனசில் இருந்ததை யாரிடமாவது சொன்னீர்களா? ஏன்?
2. உங்கள் பிள்ளை நாளை வந்து ஒன்றைச் சொன்னால், முதலில் என்ன கேட்பீர்கள்?
3. அக்காவின் மூன்று வாக்குகளையும் நீங்கள் கொடுப்பீர்களா? எது கடினம்?