சிவந்த இடத்தை ஏன் தேய்க்கக் கூடாது?

படுத்த படுக்கையாக இருப்பவரின் உடல் பாரம் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் போன்ற எலும்பு துருத்திய இடங்களில்தான் அதிகம் அழுந்துகிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே ரத்த நுண்குழாய்கள் நசுங்கி, ஆக்சிஜன் கிடைக்காத திசு சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். இதுவே படுக்கைப்புண்.

முதுகைப் பராமரிக்கும்போது, நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். பிறகு உள்ளங்கையில் லோஷன் தடவி, கீழ்முதுகிலிருந்து தோள்வரை நீளமாக நீவலாம். வலியும் இறுக்கமும் தணியும், தூக்கம் வரும். ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவது பழைய வழக்கம். ஸ்பிரிட் தோலை உலர்த்திவிடும் என்பதால் அது இப்போது வேண்டாத வேலை.

சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்து மீண்டும் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காவிட்டால் அடித்திசு ஏற்கெனவே பழுதுபட்டிருக்கிறது. அங்கே தேய்த்தால் நலிந்த குழாய்கள் கிழிந்து சேதம் பெருகும். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, கெட்டித்தன்மை, வலி ஆகியவற்றைத் தொட்டும் கேட்டும் அறிய வேண்டும்.

புண்ணைத் தடுப்பது தேய்ப்பதல்ல, புரட்டுவது. வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, 30 பாகைச் சாய்வில், இழுக்காமல் தூக்கித் திருப்புவார்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது.