‘ஏழு வருஷமும் தொண்டூழியமா?’

செம்பவாங்கில் ஹாக்கின்ஸ் ரோடு என்று ஒரு சாலை உண்டு. நான் படித்த காலத்தில் அது எனக்கு வெறும் சாலைப் பெயர். 1978 முதல் 1996 வரை அங்கே வியட்னாமிய அகதிகளுக்கான முகாம் இருந்தது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பிரிட்டிஷ் ராணுவம் விட்டுச்சென்ற குடியிருப்புகளில் அமைந்த அந்த முகாமை ஐநா அகதிகள் அமைப்பு நடத்தியது. படகில் வந்தவர்களை வேறொரு நாடு ஏற்றுக்கொள்வதாக உறுதி தந்தால் மட்டுமே இங்கு இறங்க அனுமதி. 90 நாளுக்குள் புறப்பட்டுவிட வேண்டும் என்பது விதி. அப்படியும் 30,000க்கும் அதிகமானோர் சிங்கப்பூர் வழியாகப் போயிருக்கிறார்கள்.

அதே படகு அகதிகளுக்காக 1979ல் மலேசிய முகாம் ஒன்றில் வேலை செய்தவர் பீட்டர் கத்ரி என்ற பிரிட்டிஷ் சிவில் பொறியாளர். ஊர் திரும்பியதும் 1980ல் ‘ரெட்ஆர்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பேரிடர் வந்தால் சில மாதங்களுக்கு விடுப்பு எடுத்துப் போகத் தயாராக இருக்கும் பொறியாளர்களின் பட்டியல் அது. அவர்கள் தங்கள் தொழிலை விட்டு வரவேண்டியதில்லை. இரவல் கொடுத்தால் போதும். இந்த வேறுபாடு எனக்குப் புரிய ஏழு ஆண்டு ஆனது.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் சிவில் பொறியியல் பட்டயம் முடித்து, வடிகால் வேலை எடுக்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டு இருந்தேன். 2018ல் பங்ளாதேஷின் காக்ஸ் பஜாருக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் போனேன். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியன்மாரிலிருந்து 700,000க்கும் அதிகமான ரொஹிங்யா மக்கள் அங்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ஆறு மாதம் ஏழு ஆண்டானது. அதற்குள் பதினொரு ஒப்பந்தம். நிதி வரும்வரை வேலை, நிதி முடிந்தால் அடுத்த கையெழுத்து.

நிவாரண வேலை என்றதும் மூட்டை தூக்குவதும் குழந்தைகளைக் கட்டியணைப்பதும் நினைவுக்கு வரலாம். என் வேலை கழிவறை. ஆரம்ப நாள்களின் அவசரத்தில் ஆழமில்லாத குழாய்க் கிணறுகளையும் கழிவறைக் குழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் தோண்டிவிட்டிருந்தார்கள். ‘ஸ்ஃபியர்’ கையேடு என்று ஒன்று உண்டு. இத்துறையில் எல்லாரும் கையில் வைத்திருப்பது. ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிவறை, குழிக்கும் நிலத்தடி நீர் எடுக்கும் இடத்துக்கும் இடையே 30 மீட்டர் என்று அது சொல்கிறது. மலைச்சரிவில் மூங்கில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடத்தில் 30 மீட்டருக்கு எங்கே போவது? கிணற்றை மூடுவதா, குழியை மூடுவதா என்பதுதான் எங்கள் தினசரிச் சண்டை. குழி நிரம்பினால் கசடை எப்படி மேலே கொண்டுபோவது என்பது அடுத்த சண்டை. இன்று கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவேன். சாப்பாட்டு நேரத்தில் அம்மா அனுமதிப்பதில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலை 1ஆம் தேதி யுஎஸ்எய்ட் அமைப்பே செயல்பாட்டை முடித்துக்கொண்டது. ஐநா அகதிகள் அமைப்பு ஏறக்குறைய 3,500 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. என் பதினொன்றாவது ஒப்பந்தம் ஒரு மின்னஞ்சலில் முடிந்தது. எனக்குத் திரும்பி வர செம்பவாங்கில் பெற்றோரின் வீவக வீடு இருந்தது. என்னோடு வேலை பார்த்த பங்ளாதேஷ் ஊழியர்களுக்கு அந்த ஊர்தான் வீடு, அந்த வேலைதான் சம்பளம். உலகெங்கும் நிவாரணப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படிப்பட்ட உள்ளூர்க்காரர்களே.

இங்கு வந்து வேலை தேடியபோது ஒரு நேர்காணலில் கேட்ட கேள்விதான் தலைப்பில் இருப்பது: “ஏழு வருஷமும் தொண்டூழியமா செஞ்சீங்க?” கோபம் வந்தது. பிறகு என் ரெஸ்யூமேயை எடுத்துப் பார்த்தேன். எங்கள் துறைக்கு வெளியே யாருக்கும் புரியாத சுருக்கெழுத்துகள், ‘பாதிக்கப்பட்ட மக்களுக்கு ஆதரவு’ போன்ற வரிகள். குத்தகையாளர்களை மேற்பார்த்தது, கொள்முதல் செய்தது, நீர்த்தரச் சோதனை நடத்தியது, பாதுகாப்பு விதிகளை அமல்படுத்தியது எதுவும் அதில் இல்லை. அவர் கேட்டதில் தவறில்லை.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. ஏழு ஆண்டில் ஒரு தொழிற்சான்றிதழ்கூட நான் புதிதாகப் பெறவில்லை. நிதி குறைந்தால் பயிற்சிக்கான தொகையைத்தான் முதலில் வெட்டுவார்கள்; நானும் அடுத்த ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். 25 வயதில் கிடைத்த 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைத் தொடாமலே வைத்திருந்தேன். அதை எடுத்துக் கழிவுநீர் சுத்திகரிப்புப் பகுதிநேர வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பில் பாதி எனக்குத் தெரிந்தது. மீதிப் பாதி, முகாமிலேயே தெரிந்திருந்தால் சில குழிகளை வேறு மாதிரி தோண்டியிருப்பேன்.

இத்துறைக்கு வர விரும்பும் இளையர்கள் என்னிடம் எந்தப் படிப்பு என்று கேட்கிறார்கள். தாதிமை, கணக்கியல், தளவாடம், தரவு, நீர் என ஏதாவது ஒரு தொழிலை முதலில் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். முகாமில் நல்ல கணக்காளருக்கு இருக்கும் தட்டுப்பாடு வேறு யாருக்கும் இல்லை. ஸ்ஃபியர் கையேட்டையும் ‘காயா’ தளத்தின் பல வகுப்புகளையும் இன்றே இலவசமாகப் படிக்கலாம். வெளிநாட்டவருக்கான பணியிடங்கள் இனிக் குறையும் என்பதையும் மறைப்பதில்லை. உதவி நிதியில் 25 விழுக்காட்டை உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவதாக 2016ல் பெரிய நாடுகளும் அமைப்புகளும் வாக்களித்தன. 2020க்குள் என்ற கெடு தவறியது. ஆனால் போகவேண்டிய திசை அதுதான் என்பது என் எண்ணம்.

களம் பார்க்க விமானம் ஏறவும் வேண்டாம். லிட்டில் இந்தியாவில், காயமடைந்து வேலை செய்ய முடியாமல் இழப்பீட்டுக்குக் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ‘டிடபிள்யூசி2’ அமைப்பு 2008 முதல் இலவச உணவு தருகிறது. அங்கு வருவோரில் தமிழ் மட்டுமே பேசுவோர் உண்டு. அவர் கையிலுள்ள கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் தேவை. நம் பள்ளித் தமிழ் அதற்குப் போதும், சற்றுத் திணறினாலும்.

இப்போது ஒரு நீர் சுத்திகரிப்பு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். “மறுபடியும் காண்ட்ராக்ட் வேலையா?” என்று அம்மா கேட்டார். நிரந்தர வேலைதான் என்றேன். கையெழுத்திடும் முன் ஒன்று மட்டும் கேட்டேன்: எங்காவது பேரிடர் என்றால் ஆண்டுக்கு ஆறு வாரம் சம்பளமில்லா விடுப்பு வேண்டும். மேலாளர் யோசித்து நான்கு வாரம் என்றார். எழுத்தில் தரச் சொன்னேன். தந்தார்.