2018 என்னும் எல்லைக்கோடு

கட்டட வரைபடம், இயந்திர வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங், முப்பரிமாணக் காட்சி என்று நாள் முழுக்கக் கணினியைப் பிழிந்து வேலை வாங்குகிறவர்களுக்காகச் செய்யப்படுவது ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப். லெனோவோவின் திங்க்பேட் பி வரிசை, டெல்லின் பிரிசிஷன், எச்பியின் இசட்புக் எல்லாம் இந்த வகைதான். விலை லட்சங்களில் பேசும் என்பதால், ‘இதை மாற்றிவிடலாமா’ என்ற கேள்வியும் லேசானதல்ல. பெரும்பாலானோர் வாங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்று விரல் விட்டு எண்ணி முடிவெடுக்கிறார்கள். இந்த அளவுகோலே தப்பு. லேப்டாப்பின் வளர்ச்சி ஆண்டுக்கு ஒரு படி என்று சீராக ஏறியதில்லை. பல ஆண்டுகள் நின்ற இடத்திலேயே நின்று, பிறகு ஒரே தாவலில் முன்னே போயிருக்கிறது. அந்தத் தாவல் நடந்தது 2018-இல். உங்கள் இயந்திரம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

2011-இல் வந்த திங்க்பேட் டபிள்யூ520-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெலின் நான்கு கோர் பிராசசர், நான்கு ராம் ஸ்லாட், 32 ஜிபி வரை நினைவகம். ஆறு ஆண்டுகள் கழித்து, 2017-இல் வந்த திங்க்பேட் பி51-இலும் அதே நான்கு கோர்தான். உச்ச வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து 3.9-க்குப் போனது. ஒவ்வொரு சுழற்சியிலும் செய்யும் வேலை கொஞ்சம் கூடியது. மற்றபடி இடைப்பட்ட காலத்தில் புதிது வாங்கியவர்களுக்குப் பிராசசரில் பெரிய தாவல் எதுவும் கிடைக்கவில்லை. இன்டெல் தன் 14 நானோமீட்டர் தயாரிப்பு முறையிலேயே சிக்கிக் கிடந்தது ஒரு காரணம். முட்டித் தள்ள ஆளில்லை என்பது இன்னொன்று. 2017-இல் ஏஎம்டி தன் ரைசன் சில்லுகளோடு வந்த பிறகு நிலைமை மாறிற்று. (போட்டி என்றால் என்னவென்று மாணவர்களுக்கு விளக்க இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.) 2018-இல் லேப்டாப்புக்கு ஆறு கோர், 2019-இல் எட்டு, 2022-இல் பதினாறு, 2023-இல் இருபத்துநான்கு. 2018-இன் திங்க்பேட் பி52 128 ஜிபி ராம் வரை ஏற்றது. இன்றைக்கும் பலருடைய வேலைக்கு அது மிதமிஞ்சிய அளவு.

மைக்ரோசாஃப்ட் போட்ட கோடும் கிட்டத்தட்ட இதே இடத்தில் விழுந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கு நீட்டித்துத் தந்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2026 அக்டோபரோடு சரி. விண்டோஸ் 11-க்கு, விரல் விட்டு எண்ணக்கூடிய சில விதிவிலக்குகள் போக, இன்டெலின் 8-ஆம் தலைமுறை பிராசசர் வேண்டும். ஒர்க்ஸ்டேஷன்களில் அது வந்ததும் 2018-இல்தான். ஆகவே அதற்கு முந்தைய இயந்திரத்தை வைத்து வாடிக்கையாளர்களின் கோப்புகளைக் கையாள்கிறவர் அதை மாற்றத்தான் வேண்டும். லினக்ஸ் போட்டு ஓட்டலாமே என்பார்கள். ஓட்டலாம், இயந்திரம் நன்றாகவே ஓடும். ஆனால் ஆட்டோகேடும் ரெவிட்டும் லினக்ஸுக்கு வருவதில்லை. அவற்றை நம்பிப் பிழைப்பவருக்கு இந்த யோசனை உதவாது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள்தான் ஆற அமர யோசிக்க வேண்டியவர்கள். ‘மெதுவாக இருக்கிறது’ என்பது புகார். எந்த வேலையில், எந்த உறுப்பால் மெதுவாகிறது என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும். காத்திருக்க வைக்கும் அந்த வேலையை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். நினைவகம் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதென்றால் ராம் போதவில்லை. டிஸ்க் 100-இல் ஒட்டிக்கொண்டிருந்தால் கோளாறு அங்கே. சாதாரண ஹார்டு டிஸ்க் நொடிக்கு நூற்றுச் சொச்சம் மெகாபைட்தான் படிக்கும். என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று 3,500 வரை படிக்கும். இந்த இரண்டுக்கும் புது லேப்டாப் தேவையில்லை, ஸ்க்ரூடிரைவர் போதும். பலர் ஏமாறும் இடம் பிராசசர் கணக்கு. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் உள்ள இயந்திரத்தில் பயன்பாடு வெறும் 8 சதவீதம் என்று காட்டும், மென்பொருளோ திணறும். பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது சுமார் 8.3 சதவீதம். அப்படியென்றால் ஒரு த்ரெட் முழுவதும் நிரம்பியிருக்கிறது, மற்றவை சும்மா இருக்கின்றன. ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருள்களின் பெரும்பகுதி வேலை இப்படித்தான் நடக்கிறது. ஒரே ஊசியில் பத்துப் பேர் நூல் கோக்க முடியாது. இவர்கள் இருபத்துநான்கு கோர் வாங்கினால் இருபத்துமூன்றுக்குக் கொடுத்த காசு தண்டம். பிளெண்டரில் ரெண்டர் செய்கிறவர் கதை வேறு. அங்கே எல்லாக் கோரும் 100-ஐத் தொடும். கோர் கூடக் கூட நேரம் குறையும். அவர் புதியது வாங்குவதில் நியாயம் உண்டு.

தனி ஒரு கோரின் வேகமும் 2018-க்குப் பிறகு நன்றாகக் கூடியிருக்கிறதே என்று கேட்கலாம். கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வேகம் விளம்பரத்தில் ஓர் அளவும் மேசைமேல் வேறு அளவுமாக இருக்கும். 2018-இன் சில்லுகள் 45 வாட்டுக்கு வகுக்கப்பட்டவை. 2022-இன் எச்எக்ஸ் வகைச் சில்லுக்கு அடிப்படை 55 வாட், உச்சத்தில் 157 வாட். இவ்வளவு வெப்பத்தை ஒரு மெல்லிய பெட்டி நெடுநேரம் வெளியேற்ற முடியாது. சில நிமிடங்களில் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே சில்லு தடித்த லேப்டாப்பில் ஒரு மாதிரியும் மெல்லிய லேப்டாப்பில் வேறு மாதிரியும் ஓடும். பழைய இயந்திரத்துக்கும் இதே விதிதான். விசிறியில் தூசி அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோன லேப்டாப், வாங்கிய நாளில் ஓடியதைவிட மெதுவாகத்தான் ஓடும். சர்வீஸ் கடையில் அதைச் சுத்தம் செய்யாமலே புதியதோடு ஒப்பிடுவது நியாயமான போட்டியல்ல.

நான் போட்ட கோட்டை உடைக்கும் ஒரு கூட்டமும் உண்டு: வீடியோ எடிட்டர்கள். 2020-க்குப் பிறகு வந்த பல கேமராக்கள் 10-பிட் 4:2:2 எச்.265 முறையில் பதிவு செய்கின்றன. இதை விரித்துக் காட்டும் தனிச் சுற்று இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் சில்லுகளில் இருக்கிறது. என்விடியாவில் 2025-இன் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. எட்டுக் கோரும் விலையுயர்ந்த கார்டும் உள்ள 2019 இயந்திரம் திக்கித் திணறும் கல்யாண வீடியோவை அதைவிடச் சாதாரணமான 11-ஆம் தலைமுறை லேப்டாப் சிரமமின்றி ஓட்டிவிடும். பிராக்ஸி கோப்பு உண்டாக்கிச் சமாளிக்கலாம் என்றாலும், அன்றாடம் இதே வேலை என்றால் மாற்றுவதே சரி. கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரும் கவனிக்க வேண்டியது. மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு 580 வரிசையே கடைசி என்று என்விடியா அறிவித்திருக்கிறது. அதனால் கார்டு நாளைக்கே நின்றுவிடாது. உங்கள் மென்பொருளின் அடுத்த பதிப்பு புது டிரைவரைக் கட்டாயமாக்கும்போதுதான் பிரச்சினை. அதுவரை பொறுக்கலாம். என்பியு என்ற ஏஐ சில்லுக்காக மாற்றச் சொல்லும் விளம்பரத்தைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். பெரும்பாலான வடிவமைப்பு மென்பொருள்கள் அதைத் தொடுவதே இல்லை.

‘தொழிலுக்கு வாங்கினால் வரியில் கழித்துக்கொள்ளலாம்’ என்பது கடைசி வாதம். கணினிக்கு 40 சதவீதத் தேய்மானம் உண்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவருக்கு 18 சதவீத வரியும் வரவாகத் திரும்பும். ஆனால் தேய்மானம் குறைப்பது வருமானக் கணக்கைத்தான், லேப்டாப்பின் விலையை அல்ல. முப்பது சதவீத வரி கட்டுகிறவருக்கும் செலவின் பெரும்பகுதி கைக்காசுதான். அதோடு 2025 கடைசியில் டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியதையும் மறக்க வேண்டாம். உங்கள் பழைய பெட்டியில் 64 ஜிபி இருந்தால் அது சொத்து.

2018-க்கு முந்தையதை மாற்றுங்கள், ஆனால் புதிதுதான் வேண்டும் என்றில்லை. நிறுவனங்கள் குத்தகை முடிந்து திருப்பிய ஒர்க்ஸ்டேஷன்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கின்றன. பயாஸ் பாஸ்வேர்டு இல்லை என்பதையும், ராம் போர்டோடு பற்றவைக்கப்படாமல் ஸ்லாட்டில் இருப்பதையும் பார்த்து வாங்குங்கள். 2018-க்குப் பிந்தையது என்றால் ராம், எஸ்எஸ்டி, பேட்டரி, சுத்தம் செய்தல் ஆகிய நான்குக்கும் முதலில் செலவழியுங்கள். அதற்குப் பின்னும் டாஸ்க் மேனேஜரில் எல்லாக் கோரும் 100-இல் நின்றால், அப்போது கடைக்குப் போங்கள்.