கடலடியில் இருந்து ஒரு சேதி!



2023-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு நாள், கோவில்பதாகையில் எங்கள் தெருவில் பல வீட்டு செல்போன்கள் ஒரே நேரத்தில் 'பீப்... பீப்...' என்று அலறின. பக்கத்து வீட்டு அம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "பயப்படாதீங்கம்மா, இது ஒத்திகைதான்" என்றேன். ஆபத்துக் காலத்தில் மக்களை எச்சரிக்க அரசு செய்து பார்த்த சோதனை அது.

சரி, ஆபத்து வருவது போனுக்கு எப்படித் தெரியும்? சுனாமியை எடுத்துக்கொள்வோமா?

2004 டிசம்பர் 26, காலை 6.29 மணி. சுமத்ரா தீவு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம். அலை சென்னைக்கு வர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் நமக்குச் சேதி வரவில்லை. தமிழகத்தில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பேர் இறந்தார்கள். சுனாமியை அறியும் மிதவைகள் அன்று பசிபிக் கடலில் இருந்தன. இந்தியப் பெருங்கடலில் இல்லை.

இப்போது இங்கேயும் உண்டு. தொடர் ஓட்டத்தில் குச்சியைக் கைமாற்றுவது போல, கருவிகள் சேதியைக் கைமாற்றுகின்றன.

* கடல் தரையில் அழுத்தமானி: தன் மேல் நிற்கும் நீரின் அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும். 6 கி.மீ. ஆழத்தில் இருந்தாலும், மேலே நீர்மட்டம் 1 செ.மீ. மாறினால் கண்டுபிடித்துவிடும்!

* மிதவை: கடல்நீருக்குள் ரேடியோ அலை வெகுதூரம் போகாது. ஆகவே அழுத்தமானி ஒலியால் பேசும். நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். 3 கி.மீ. ஆழத்திலிருந்து மிதவையை எட்ட 2 நொடி போதும்.

* செயற்கைக்கோள்: மிதவை தரும் சேதியை வாங்கித் தரைக்கு அனுப்பும். ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் அதை ஆராயும். மிதவைகளைக் கடலில் நிறுவுவது நம் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம்.

* செல்போன் கோபுரம்: ஆபத்து உறுதியானால், தன் எல்லைக்குள் உள்ள போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் அறிவிக்க முடியும். யாருடைய எண்ணும் தேவையில்லை!

2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா அருகே மறுபடியும் பெரும் நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது. ஆனால் நீர்மட்டம் சிறிதளவே மாறியதைக் கருவிகள் காட்டியதால், அன்றே விலக்கப்பட்டது. 'ஓடுங்கள்' என்பது போலவே 'பயம் வேண்டாம்' என்பதும் நல்ல சேதிதானே!

இந்த ஓட்டத்தில் கடைசி ஆள் யார் தெரியுமா? நீங்கள்தான்! எச்சரிக்கை வந்தால் படித்து, வீட்டுப் பெரியவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லுங்கள். கடற்கரையில் இருக்கும்போது தரை பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, போன் ஒலிக்கும்வரை காத்திருக்காதீர்கள். உடனே மேடான இடத்துக்கு ஓடுங்கள்!