சீட்டு முடிவு செய்த சிகிச்சை

தாம்பரத்தில் பீச் பக்கம் போகும் மின்ரயிலில் ஏறினால் முதலில் வரும் ஸ்டேஷன் சானடோரியம். மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை செய்பவர்களும் சித்த மருத்துவமனைக்குப் போகிறவர்களும் அங்கே இறங்குவார்கள். சேலையூர்க்காரர்களான எங்களுக்கு அது ஒரு ஊர்ப்பெயராகவே ஆகிவிட்டது. "சானடோரியத்துல வீடு பாத்திருக்கோம்" என்று சொல்லும்போது யாருக்கும் நோய் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் அந்தப் பெயர் காசநோயாளிகளின் கட்டில்களிலிருந்து வந்தது.

1928ல் அந்தச் சானடோரியத்தைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. அதற்கு முன்பே இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தியவர். காசம் என்று கருதி 1917ல் கணித மேதை இராமானுஜனைச் சேர்த்ததும் அங்கேதான். அன்று இந்த நோய்க்கு மருந்து கிடையாது. சுத்தமான காற்று, அசையாத ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும்.

ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோநயாசிட் என்று 1950களின் தொடக்கத்துக்குள் மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் கட்டில் மீதிருந்த நம்பிக்கை போகவில்லை. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், கட்டில்களோ ஆயிரக்கணக்கில்தான். எந்த அரசு வந்தாலும் அத்தனை கட்டில் போட முடியாது. மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. எவரிடமும் கணக்கு இல்லை.

அந்தக் கணக்கைப் போட 1956ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. ஐ.சி.எம்.ஆர்., மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்தது. பொறுப்பேற்றவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல எண்களே தீர்மானித்தன. தேறக்கூடியவர் என்று தோன்றுகிறவரை வீட்டுக்கும், மோசமானவரைக் கட்டிலுக்கும் அனுப்புவது டாக்டரின் கருணை. ஆனால் அந்தக் கருணையே கணக்கைக் கெடுத்துவிடும். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு ஐசோநயாசிட்டும் பாஸும்.

சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்பில் படுத்தார்கள், பலர் வேலைக்கும் போனார்கள். ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியிருந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். அந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். கூடவே இருந்த குடும்பத்தாரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு அதனால் நோய் கூடுதலாக வரவில்லை. தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. 1959ல் ஓராண்டு முடிவுகள் வெளியானபோதே உலகெங்கும் சானடோரியம் என்ற அமைப்பே ஆட்டம் கண்டது.

என்னை அதிகம் ஈர்ப்பது இந்த ஆராய்ச்சியின் இன்னொரு பக்கம். கொடுத்த மருந்தை நோயாளி சாப்பிடுகிறாரா? பாஸ் மருந்தைத் தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிவிட்டால் யாருக்கும் அலுப்பு தட்டும். மையத்தார் அவர்கள் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி அதில் மருந்தின் தடம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். மருந்தைத் தானே எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றியே ஃபாக்ஸ் 1958ல் தனிக் கட்டுரை எழுதினார். "படிக்காத ஜனங்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள்" என்று நோயாளியைத் திட்டிவிட்டு நகர்வது எளிது. இவர்கள் மறதியையும் அலுப்பையும் மனித சுபாவமாக ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப சிகிச்சையை மாற்ற முயன்றார்கள். வாரம் இருமுறை மட்டும் வந்து ஊழியரின் கண்முன்னே மருந்து எடுத்துக்கொள்ளும் முறையை 1960களில் இதே மையம் சோதித்தது. தினமும் வீட்டில் தானே சாப்பிட்டவர்களைவிடப் பலன் குறையவில்லை. பின்னாளில் 'டாட்ஸ்' என்று உலகம் முழுக்கப் பரவிய முறையின் வேர்களில் ஒன்று சேத்துப்பட்டில் இருக்கிறது.

ஒரு சோதனை, தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். 'சாப்பாடு குறைந்தாலும் மருந்து வேலை செய்கிறது' என்ற முடிவை, 'சாப்பாடு முக்கியமில்லை' என்று படித்துக்கொள்வது பெரிய தவறு. பசியோடு இருக்கிற குடும்பத்தில் அடுத்த ஆளுக்கு நோய் வருமா என்பது வேறு கேள்வி. அதை 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் கேட்டார்கள். நோயாளியின் குடும்பத்தாருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. இன்று தேசிய நிறுவனமாகிவிட்ட பழைய சேத்துப்பட்டு மையத்துக்கும் அந்த ஆய்வில் பங்கு உண்டு. அறுபது ஆண்டு கழித்துச் சாப்பாட்டைத் திரும்பவும் கணக்கில் எடுத்துக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கட்டிலுக்கும் அப்படி ஒரு மறுகணக்கு நடந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில்', நோய் உறுதியானவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. எக்ஸ்ரே கூட வேண்டாம், சில நிமிட வேலை. பெரும்பாலானவர்கள் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம். எடை மிகக் குறைந்தவரை, மூச்சு திணறுபவரை, நர்ஸ் "எழுந்து நில்லுங்கம்மா" என்றதும் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறார்கள்.