சுவான்சௌ நகர்க் காட்சிகள்

சீன நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில், பூஜியன் மாநிலத்தில் அமைந்த பழம்பதி சுவான்சௌ. சோங் மரபினரும், அவர்க்குப் பின் மங்கோலியரும் ஆண்ட காலத்தில் இஃது உலகின் தலைசிறந்த துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிற்று. மார்க்கோ போலோ இதனைச் சைத்தூன் என்னும் பெயரால் புகழ்ந்துரைத்தார். நகரைச் சூழ நடப்பெற்றிருந்த மரமொன்றின் சீனப் பெயரே அங்ஙனம் மருவிற்று என்பர். அம்மரம் யாது? தமிழ்நாட்டு வேலிகளில் செந்நிறப் பூப் பூத்து நிற்கும் கலியாண முருங்கையே அது.

இரண்டு நாள் தங்குவோர் இந்நகரின் சிறந்த இடங்களைக் கண்டுவிடலாம். முதற்கண் காணத்தக்கது நகருக்கு வடகிழக்கே உள்ள லோயாங் பாலம். ஆறு கடலொடு கலக்கும் அவ்விடத்தில் நீரோட்டம் மிகக் கடுமையானது. 1053-ஆம் ஆண்டில் தொடங்கிய பாலப்பணி 1059-இல் நிறைவுற்றது. அதனை முடித்தவர் சாய் சியாங் என்னும் ஆட்சித் தலைவர். ஆற்றின் குறுக்கே பெருங்கற்களைக் கொட்டி அகன்ற அடித்தளம் அமைத்தனர். பின்னர் அக்கற்களின்மீது சிப்பிகளை வளரவிட்டனர். சிப்பி தன் ஓட்டைப் பாறையொடு இறுக ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. அவை பல்கிப் பெருகி, இடுக்குகளை அடைத்து, காரைபோல் கற்களைப் பிணித்தன. உயிர்களைக் கொண்டு கல்லை இணைத்த அவர்தம் நுண்ணறிவு வியக்கத்தக்கதே.

நகருள், 1009-இல் எழுந்து 1310-இல் புதுக்கப்பெற்ற பள்ளிவாசலின் கருங்கல் வாயில் இன்றும் ஓங்கி நிற்கிறது. அதனைக் கண்டு சிறிது தொலைவு சென்றால் கையுவான் என்னும் பௌத்தப் பெருங்கோயிலை அடையலாம். 686-இல் தோன்றிய இக்கோயிலின் இருபுறமும் ஐந்து நிலைக் கற்கோபுரங்கள் இரண்டு உள. 1604-இல் நேர்ந்த பெரு நிலநடுக்கத்திலும் அவை வீழவில்லை.

கோபுரங்களைக் கண்டு திரும்பிவிடுவோர் பலர். பெருமண்டபத்தின் பின்புறம் சென்று பார்ப்பவரே பேறு பெற்றவர். ஆங்கே பதினாறு பட்டையுடைய தூண்கள் இரண்டு நிற்கின்றன. அவற்றில் நரசிங்கப் பெருமானும், மருத மரங்களுக்கிடையே தவழும் கண்ணனும், முதலைவாய்ப்பட்ட யானையைக் காத்த திருமாலும் செதுக்கப்பெற்றுள்ளனர். புத்தர் கோயிலில் இவை எங்ஙனம் வந்தன?

விடையின் ஒரு பகுதி 1956-இல் இந்நகரில் கிடைத்த கல்வெட்டொன்றில் உளது. அதன் எழுத்துத் தமிழ். இறுதி வரி மட்டும் சீனம். சகம் 1203, சித்திரைத் திங்கள், அதாவது கி.பி. 1281. குப்ளாய்கான் ஆண்ட காலம் அது. தவச்சக்கரவர்த்திகள் எனப்பெற்ற சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் உடல்நலம் வேண்டி, அவ்வேந்தனின் ஆணை பெற்றுத் திருக்கதலீச்சுரம் என்னும் சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளுவித்த செய்தியை அது கூறுகிறது. கடல் கடந்து வணிகம் செய்த தமிழர், தாம் தங்கிய ஊரின் மன்னன் நலத்தையே முன்வைத்து வேண்டினர் என்பது கருதத்தக்கது.

அக்கோயில் இன்று இல்லை. 1357 முதல் 1366 வரை பாரசீகப் படையினரின் கலகத்தால் நகரம் சீரழிந்தது; அயல்நாட்டு வணிகர் பலர் மாண்டனர், பலர் நீங்கினர். கோயிலும் அக்காலத்தே அழிந்திருத்தல் வேண்டும் என அறிஞர் கருதுவர். அதன் கற்கள் சிதறின. பிற்காலத்துத் திருப்பணியில் சில கையுவான் கோயிலை அடைந்தன. சில மதிற்சுவருள் புதைந்தன. 20-ஆம் நூற்றாண்டில் மதில் இடிக்கப்பட்டபோது அவை வெளிப்பட்டன. அவ்வேளையில் பலர்க்கு அவை வெறுங்கற்கள். ஊ வென்லியாங் என்னும் பள்ளி ஆசிரியரோ அவற்றைத் தேடித் தேடித் திரட்டினார். 1957-இல் அவைபற்றி நூலும் வெளியிட்டார். அவர் முயலாதிருப்பின் அவற்றுட் பல வீட்டுப் படிகளாய்த் தேய்ந்திருக்கும்.

மீட்கப்பெற்ற கற்கள் பலவற்றை நகரின் கடல்வணிகக் காட்சிச்சாலையில் காணலாம். ஒன்று மட்டும் காட்சிச்சாலைக்குச் செல்லவில்லை. அண்மையிலுள்ள சேதியான் சிற்றூரின் சிறு கோயிலில், நான்கு கையுடன் அரக்கனை மிதித்து வீற்றிருக்கும் திருவுருவம் ஒன்று உளது. சிவனோ தேவியோ என ஆய்வாளர் பலவாறு கூறுவர். அவ்வூரார்க்கு அவ்வையம் இல்லை. அருள்தெய்வமாகிய குவான்யின் எனவே கொண்டு, அதன்முன் ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றனர்.